கரிசல் மண்ணில் சமுதாயக் கூடம்: மண் கல்லா, கான்கிரீட்டா?

கரிசக்காட்டான்:
எங்கள் ஊர் விருதுநகர் பக்கம், முழுக்க கரிசல். ஒன்றரை ஏக்கர் புறம்போக்கில் சமுதாயக் கூடம், நூலகம், அங்கன்வாடி மூன்றையும் ஒரே வளாகமாகக் கட்டப் போகிறார்கள். பிளானைப் பார்த்தேன், மூன்றும் ஒரே அச்சு கான்கிரீட் பெட்டிதான், முகப்பில் கண்ணாடி, சுற்றிலும் பேவர் பிளாக், நடுவில் புல்தரை. அங்கே நிற்கிற நான்கு வேம்பையும் எடுத்துவிடுவார்களாம். கிராம சபையில் எழுந்து கேட்கப் போகிறேன். மண் கல்லில் கட்டச் சொல்லிக் கேட்கலாமா?

மண்வீடு மாறன்:
தாராளமாகக் கேளுங்கள் அண்ணே. ஆரோவில் பார்வையாளர் மையம் அப்படிக் கட்டியதுதான், 1992-இல் அதற்கு, ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தருகிற ஹசன் ஃபாத்தி விருதே கிடைத்தது. சலித்த மண்ணில் 5 சதவீத அளவுக்கு சிமெண்ட் கலந்து, மெஷினில் அமுக்கி எடுத்து, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் கல் தயார். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். கூலி உள்ளூர்க்காரர்களுக்கே போகும். ஊர்ப் பணத்தில் கண்ணாடி முகப்பு வைத்துவிட்டு அப்புறம் ஏசி பில்லுக்கு அலைவது என்ன நியாயம்?

சைட் சுந்தரம்:
தம்பி, ஆரோவில் நிற்பது செம்மண் மேட்டில். நீங்கள் பேசுவது கரிசல். மழை பெய்தால் ஊதும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அந்த மண்ணில் 5 சதவீத சிமெண்டை வைத்துக் கல் போட்டால் நிற்காது. சரி, செம்மண்ணை லாரியில் கொண்டுவரலாம் என்றால் அப்புறம் அது எப்படி உள்ளூர் மண்? பத்து வருஷம் கழித்து ஒரு மூலை பெயர்ந்தால் அந்தக் கல்லை எங்கே தேடுவார்கள், மெஷின் அன்றைக்கு யார் வீட்டில் கிடக்கும்? பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு முதல் தகுதி, உள்ளூர்க் கொத்தனாரே அதைச் சரிசெய்ய முடிய வேண்டும். முப்பது வருஷமாகச் சைட்டில் நிற்கிறவன் சொல்கிறேன்.

இன்னொன்று, வேம்பு. கரிசலில் சுவரை ஒட்டி மரம் நின்றால் வேர் அஸ்திவாரத்தடி ஈரத்தை இழுத்துவிடும், அந்தப் பக்கம் மட்டும் மண் சுருங்கி இறங்கும். நான் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் மரம் பத்தடியில் இருந்தது, நான்காம் வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து விரல் அகலத்துக்குச் சாய்வாக வெடித்தது. அது என் தவறு, இன்றைக்கும் உறுத்துகிறது.

மண்வீடு மாறன்:
மண் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் மண் கல் இல்லையென்றால் கான்கிரீட் பெட்டிதான் என்று எப்படி ஆகும்? கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வெறும் செங்கலை வைத்துக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்று செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் காற்று நிற்க இடம் விடுவார், கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், சூடும் குறைவாக இறங்கும். எந்தக் கொத்தனாருக்கும் இரண்டு நாளில் பழகிவிடும். கூரையில் ஃபில்லர் ஸ்லாப். ஸ்லாபின் கீழ்ப்பாதிக் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, இழுவையைக் கம்பிதான் வாங்குகிறது, அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துவிடலாம்.

தமிழரசி டீச்சர்:
அங்கன்வாடியில் பதினெட்டு வருஷம் இருந்தேன். சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு மேலே கையை நீட்டிப் பாருங்கள், கான்கிரீட் கூரை அனலை அப்படியே இறக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடும். ஆயாம்மா தரையைத் தண்ணீர் தொட்டுத் துடைப்பார், அரைமணி நேரம் தாங்கும், அப்புறம் பிள்ளைகள் புரண்டு புரண்டு பாயைவிட்டு வெறும் தரைக்குப் போய்விடும். பங்குனியிலிருந்து நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கே போய்விடுவோம். அந்த நான்கு மரத்தை வெட்டினால் அந்தப் பிள்ளைகள் எங்கே தூங்கும் என்று கிராம சபையில் கேளுங்கள். பேவர் பிளாக்கும் வேண்டாம். செருப்பில்லாமல் வருகிற பிள்ளை மதியத்தில் அதில் கால் வைக்க முடியாது.

சைட் சுந்தரம்:
டீச்சர் சொல்வதை மறுக்கவே முடியாது, கூரைதான் முக்கியம். ஆனாலும் ஃபில்லர் ஸ்லாப் வேண்டாம் என்பேன். ஓடு நகர்ந்து, கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட் குறைந்தால் சில வருஷத்தில் துரு, அப்புறம் காரை பெயர்ந்து விழும், கீழே பிள்ளைகள் இருக்கும். கான்கிரீட் போடுகிற அன்று பக்கத்திலேயே ஆள் நிற்கிற சைட்டுக்குத்தான் அது சரிவரும். சாதா ஸ்லாப் போட்டு, மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பைக் கெட்டியாக அடித்து, தட்டோடு பதித்து, வருஷம் ஒருமுறை வெள்ளையடியுங்கள். நம் ஆட்களுக்கு அது கைவந்த வேலை. அஸ்திவாரத்துக்கு அண்டர் ரீம்டு பைல் கேளுங்கள், மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண். ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மாதிரி மண்ணுக்காக நம் நாட்டில் வளர்த்தெடுத்த முறை அது, அடியில் குடம் மாதிரி அகன்று ஊதாத ஆழத்தில் பிடித்துக்கொள்ளும். பாதையை மட்டும் வெறும் மண்ணாக விடாதீர்கள். ஐப்பசியில் கரிசல் சேறு முழங்கால்வரை அப்பும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எப்படி நடப்பார்கள்? பேவர் வேண்டாமென்றால் சரளை அடித்துக் கெட்டிப்படுத்தட்டும்.

மண்வீடு மாறன்:
சரளை சரி. ஃபில்லர் ஸ்லாபில் எனக்கு உடன்பாடில்லை, மேற்பார்வை இல்லாமல் சாதா ஸ்லாப் போட்டாலும் அது துருப்பிடிக்கத்தான் செய்யும். அந்தப் புல்தரையை யாரும் பேசவில்லையே. குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் புல்லுக்கா தண்ணீர்? 200 சதுர மீட்டர் கூரையில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,60,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,28,000 மிஞ்சும். அதைத் தொட்டியில் பிடியுங்கள்.

சைட் சுந்தரம்:
தொட்டியில் பிடிக்கட்டும், சுவருக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழி மட்டும் தோண்ட விடாதீர்கள். கரிசலில் தண்ணீர் இறங்காது, தேங்கி அஸ்திவாரத்தைத் தூக்கும். மிச்சத்தைக் கால்வாய் வெட்டி ஊருணிக்கு விடுங்கள். கட்டடத்தைச் சுற்றி நாலடிக்குக் கல் பாவித் தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி சரிவு கொடுக்கச் சொல்லுங்கள்.

கரிசக்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் மரத்தடிக்குப் போய் அளந்துவிட்டு வந்தேன். பெரிய வேம்புக்கும் அங்கன்வாடிச் சுவர் வருகிற கோட்டுக்கும் இடையே 14 அடிதான் இருக்கிறது. சுந்தரம் அண்ணே, மரத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைக் கிழக்கே தள்ளினால் எவ்வளவு தள்ள வேண்டும்?

சைட் சுந்தரம்:
மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் இருந்தால் நல்லது. வேம்பு எத்தனை அடி?

கரிசக்காட்டான்:
முப்பத்தைந்து இருக்கும். கிழக்கே இடம் இருக்கிறது. கூடத்தையும் நூலகத்தையும் இடம் மாற்றிப் போட்டால் நான்கு மரமும் தப்பும். படம் வரைந்து நாளைக்குப் போடுகிறேன், பாருங்கள்.

தமிழரசி டீச்சர்:
அங்கன்வாடி வாசல் மரத்தைப் பார்த்து இருக்கட்டும் தம்பி. தாழ்வாரம் குறைந்தது எட்டடி.