புதுப்பிப்பு: கொடுவா மீனும் சீஸ் மேற்பூச்சும்

மீனின் மேலிடும் சீஸ் ஓவனில் (மின் அடுப்பில்) மொறுமொறுப்பாகாமல் ஈரமாகவே நிற்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் கூறியவற்றைச் செய்து பார்த்த விளைவை இங்கே பதிகிறேன்.

மும்பையில் ஜிதாடா என்று விற்கப்படும் நம் கொடுவாவை மாட்டுங்கா அருகிலுள்ள சிட்டிலைட் சந்தையில் முள் நீக்கி வாங்கி, உப்புத் தடவிக் கால் மணி நேரம் வைத்தபின், கசிந்த நீரைத் துணியால் முழுவதும் ஒற்றி எடுத்தேன். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை ஓவனின் வெப்பம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாவதால், சீஸ் சிவப்பதற்கு வழியே இல்லை. முன்பு இட்ட மொசரெல்லா சீஸில் ஏறத்தாழப் பாதி நீர்தான். பார்மசான் என்ற கெட்டியான சீஸிலோ மூன்றில் ஒரு பங்கு அளவே உண்டு என்பதால், அதற்கு மாறியதே பெரிய திருப்பம்.

துருவிய பார்மசானுடன் பூண்டு, மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல் ஆகியவற்றையும், வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளையும் கலந்தேன். இந்த ஊர் மழைக்காலத்தில் ரொட்டித்தூள் டப்பாவுக்குள்ளேயே நமத்துவிடுகிறது, வறுக்காமல் பயனில்லை. சீஸிலேயே உப்பு இருப்பதால் மேலும் சேர்க்கவில்லை.

200 டிகிரி செல்சியஸில் சுமார் 12 நிமிடம் வைத்து, இறுதியில் ஓவனின் மேற்புறச் சூடேற்றும் கம்பியை மட்டும் இயக்கினேன். மீனின் உட்புறம் 63 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். நீங்கள் சொன்னவற்றில் மயோனைஸ் பூசும் யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. கொடுவாவின் மென்சுவை அதில் அமுங்கிப் போகிறது.