தவழுற குழந்தை இருக்கிற வீட்டுல கிறிஸ்துமஸ் மரம்: நிஜமா, செயற்கையா?

பெட்டிமரம்: இன்னொரு இழையில ஒரு மேதாவி, "பிளாஸ்டிக் மரம் வைக்கிறவங்க பிள்ளைக்கு ஈயம் ஊட்டுறாங்க"ன்னு எழுதியிருக்கார். சரி சார், நிஜ மரத்தை நிறுத்துற தாங்கியில லிட்டர் கணக்குல தண்ணி நிக்குதே, அது யாருக்கு? தவழுற குழந்தைக்குக் கை எட்டுற உயரம். பிசின், பூஞ்சை, தோட்டத்துல அடிச்ச மருந்து எல்லாம் ஊறின தண்ணி.

கூம்புக்காய்: அந்த மேதாவி நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாம். முதல்ல தண்ணி எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க: வெட்டின மரம் காயாம இருக்க. அடிமரத்துல 2 செ.மீ. நேரா அறுத்து, 6 மணி நேரத்துக்குள்ள தண்ணியில நிறுத்தணும். தாமதமானா பிசின் அடைச்சுக்கும், அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் ஏறாது. விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு லிட்டர்னு கணக்கு. 4 அங்குல அடிமரம்னா 4 லிட்டர் கொள்ளுற தாங்கி. தாங்கிக்குள்ள நுழையலைன்னு பட்டையைச் சீவாதீங்க, தண்ணியை அதிகமா இழுக்கிறதே வெளி அடுக்குதான். குழந்தைக்குப் பயந்தா மூடி போடுங்க: பலகையில ரெண்டு அரைவட்டம், நடுவுல அடிமரத்துக்கு வெட்டு, அடியில கொக்கி. முடிஞ்சது.

பெட்டிமரம்: முடியல. மூடினா மட்டம் எப்படித் தெரியும்? அறுத்த முகத்துக்குக் கீழ தண்ணி இறங்கினா பிசின் மறுபடி அடைக்கும். அப்ப அலங்காரத்தை எல்லாம் கழட்டி, மரத்தைச் சாய்ச்சு, இன்னொரு தடவை அறுப்பீங்களா? திறந்தா குழந்தை, மூடினா காய்ஞ்ச மரம். காய்ஞ்ச மரத்துல தீ பிடிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சி வரைக்கும் ஏறிடும்.

நிலாக்குட்டி: ஒரு சந்தேகம். குழந்தைன்னா எந்த வயசு? வேரோட தொட்டியில வர்ற மரம் எந்தக் கட்சி? அதுக்குத் தாங்கித் தண்ணியே வேணாமே.

கூம்புக்காய்: @பெட்டிமரம், மூடி வழியா ஒரு குழாய் இறக்கி, மேல் நுனியை இடுப்பு உயரத்துல அடிமரத்தோட கட்டுங்க. அதுலயே ஊத்தலாம். மெல்லிய குச்சியை விட்டு எடுத்தா நனைஞ்ச அளவே மட்டம். முதல் வாரம் காலை, மாலை ரெண்டு வேளையும் பார்க்கணும். படிக்கிறவங்களுக்குப் புரியும்.

பெட்டிமரம்: போன டிசம்பர்ல அதே தண்ணியில சர்க்கரையும் ஆஸ்பிரினும் கலக்கச் சொன்னது யாருங்கய்யா? அந்த இழை இன்னும் அழியலை.

கூம்புக்காய்: அது இன்னொருத்தர் கருத்து, நான் எடுத்துப் போட்டேன். வெறும் குழாய்த் தண்ணி போதும்னு அதே இழையில கீழ எழுதியிருக்கேன். பாதியிலயே மூடிட்டுப் போறது உங்க பழக்கம்.

தாங்கித்திருகு: ரெண்டு பேரும் தண்ணியை விடுங்க. எழுந்து நிக்கப் பழகுற பிள்ளை கிளையைப் பிடிச்சு இழுத்தா முதல்ல கவிழுறது மடக்குக் கால் வச்ச லேசான செயற்கை மரம். எந்த மரமானாலும் மூணுல ரெண்டு பங்கு உயரத்துல தூண்டில் நரம்பைக் கட்டி, சுவர்ல ரெண்டு திசையில கொக்கி போடணும். அதைவிட முக்கியம் விளக்கு ரிமோட்ல இருக்கிற பட்டன் பேட்டரி. 20 மி.மீ. லித்தியம் வில்லை உணவுக்குழாய்ல சிக்கினா 2 மணி நேரத்துல வெந்துடும். திருகு இல்லாத மூடின்னா வாங்கவே கூடாது.

பெட்டிமரம்: பேட்டரி எந்த மரத்துலயும் இருக்கும். தண்ணி?

கூம்புக்காய்: ஈயம் எந்த மரத்துல இருக்கும்? பழைய பிவிசி இலை உறுதியா நிக்க ஈய உப்பு சேர்ப்பாங்க. வருஷம் ஆக ஆகப் பொடியா உதிரும். கீழ தவழுறது யாரு? தாத்தா காலத்துப் பெட்டியைப் பாசத்தோட பிரிக்கிறவங்க யோசிக்கட்டும்.

பெட்டிமரம்: பழையதை யார் சொன்னா? பிவிசிக்குப் பதிலா பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்ல வார்த்த இலை நுனி, தீ தடுப்பு லேபிள் பார்த்துப் புதுசா வாங்கணும். ரெண்டு நாள் வெளிய காத்தாட விட்டு ஈரத்துணியால துடைச்சா தீர்ந்தது.

கூம்புக்காய்: புதுசா வாங்குங்க, வாங்கிட்டே இருங்க. ரெண்டு மீட்டர் செயற்கை மரத்துக்கு 40 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியாகுதுன்னு பிரிட்டன்ல இருக்கிற கார்பன் டிரஸ்ட் அமைப்போட கணக்கு. நிஜ மரத்தைத் தூளாக்கினா 3.5 கிலோ.

பெட்டிமரம்: குப்பைமேட்டுல போட்டா 16 ஆகும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. தண்ணிக்குப் பதில் இல்லைன்னதும் பூமியைக் காப்பாத்தக் கிளம்பியாச்சு. மூடியில ஓட்டை எவ்வளவு பெருசு? குழந்தை விரல் போகுமா?

கூம்புக்காய்: அடிமரத்தைவிட 5 மி.மீ. கூடுதல். போகாது.

பெட்டிமரம்: அடிமரம் எங்க சார் சரியான வட்டமா இருக்கு? ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் ரெண்டு விரல் போகும்.

கூம்புக்காய்: இடைவெளியைச் சுத்தி அடைக்கணும். இதைக்கூடச் சொல்லித் தரணுமா?

பெட்டிமரம்: துணியால அடைச்சா விளக்குத் திரி மாதிரி தண்ணியை இழுத்துத் தரையில விடும். அப்ப குழந்தை தாங்கி வரைக்கும் போகவே வேணாம்.

கூம்புக்காய்: துணின்னு நான் எங்க எழுதினேன்? நுரை ரப்பர் பட்டை. நீங்களே எழுதி நீங்களே பதில் சொல்லுங்க.

தாங்கித்திருகு: சுவர்க் கொக்கி பத்தி ஒருத்தர்கூட...

பெட்டிமரம்: @தாங்கித்திருகு, கொஞ்சம் இருங்க. ரப்பர் பட்டை போட்டா அந்தக் குழாய் எந்த வழியா இறங்கும்?