விஓ2 மேக்ஸ் உயராமல் மாரத்தான் நேரம் குறைவது எப்படி?

இளவழுதி:
முறையாகப் பயிற்சி செய்தும் என் விஓ2 மேக்ஸ் (உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, மில்லிலிட்டரில்) 52-ஐத் தாண்டவில்லை. இது கைக்கடிகாரம் காட்டும் மதிப்பீடன்று; ஆய்வகத்தில் முகமூடி அணிந்து ஓடி அளந்தது. ஆனால் இதே காலத்தில் என் மாரத்தான் நேரம் கணிசமாகக் குறைந்திருக்கிறது. இந்த உச்ச அளவுதான் நெடுந்தூர ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இதை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

மருதன்:
இதில் முரண்பாடு ஏதுமில்லை. பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்க்ளிஃபை உடலியங்கியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் 1992 முதல் 2003 வரை தொடர்ந்து அளந்துவந்தார். அவ்வளவு காலமும் ராட்க்ளிஃபின் விஓ2 மேக்ஸ் 70-ஐ ஒட்டியே இருந்தது. மாறியது ஓட்டச் சிக்கனம்: தொடக்கத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 205 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவிட்டவர், 2003இல் அதே தூரத்தை ஏறத்தாழ 175 மில்லிலிட்டரில் கடந்தார். அந்த ஆண்டு லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி அவர் படைத்த பெண்கள் உலக சாதனையை 2019இல்தான் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் முறியடித்தார். உங்களுக்கும் பெரும்பாலும் இதுவே நிகழ்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஆய்வகத்துக்குச் சென்றால், உச்ச அளவை மட்டும் கேட்காமல், உங்கள் மாரத்தான் வேகத்தில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதையும் அளந்து தரச் சொல்லுங்கள்.

செங்குட்டுவன்:
மருதன் கூறுவது சரியே. ஆனால் ராட்க்ளிஃபின் கதையிலிருந்து விஓ2 மேக்ஸ் முக்கியமன்று என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 18 வயதிலேயே 70 என்பது மிக அரிய கொடை; அது முன்பே அமைந்திருந்ததால்தான் எஞ்சிய வேலை சிக்கனத்தின் மீது விழுந்தது.

இவை இரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு: உச்ச அளவில் எத்தனை விழுக்காட்டை இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. 1969இல் ஆன்ட்வெர்ப் நகரில் 2 மணி 8 நிமிடம் 33 நொடியில் ஓடிய ஆஸ்திரேலியர் டெரெக் கிளேட்டனின் விஓ2 மேக்ஸ் 70-க்கும் சற்றுக் குறைவு. (அந்த ஓட்டப் பாதையின் நீளம் பற்றிய ஐயம் இன்றும் தீரவில்லை என்பது வேறு கதை.) அவரால் அந்த உச்சத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை நெடுநேரம் பயன்படுத்த முடிந்தது. கடும் உழைப்பில் தசையில் உருவாகும் லாக்டேட் இரத்தத்தில் விரைந்து சேரத் தொடங்கும் எல்லையைப் பயிற்சி மேலே தள்ளுகிறது; இந்த விழுக்காடு உயர்வது அதனால்தான். தசையில் மைட்டோகாண்ட்ரியாவும் (ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் செல் உறுப்புகள்) இரத்த நுண்குழாய்களும் பெருகுவதே எல்லை உயர்வதற்குக் காரணம். அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் மைக்கேல் ஜாய்னர் இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரே மனிதரிடம் மூன்றும் உச்சத்தில் அமைந்தால் 1 மணி 57 நிமிடம் 58 நொடியில் மாரத்தானை முடிக்கலாம் என்று 1991இலேயே எழுதினார். அதிகாரபூர்வமான போட்டியில் 2023இல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் ஓடியபோது, அந்தக் கணக்கு வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

இளவழுதி:
விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஆனால் 32 கிலோமீட்டருக்குப் பிறகு என் வேகம் சரிந்துவிடுகிறதே, அது இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது?

பூங்குழலி:
பெரும்பாலும் அது எரிபொருள் சிக்கல். 60 கிலோ எடையுள்ளவர் முழுத் தூரமும் ஓட ஏறத்தாழ 2,500 கிலோகலோரி தேவை; தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) 500 கிராம் என்று கொண்டாலும் அதிலிருந்து 2,000 கிலோகலோரிதான் கிடைக்கும். போதாக்குறைக்கு, கைத்தசையில் உள்ள கிளைகோஜன் குளுக்கோஸாக இரத்தத்தில் கலந்து காலுக்குச் செல்லாது. அதற்குரிய நொதி தசையில் இல்லை. மீதியைக் கொழுப்பு ஈடுகட்டும் என்றாலும், வேகம் கூடக்கூட உடல் மாவுச்சத்தையே அதிகம் எரிக்கும். எனவே முதல் பாதியில் அளவுக்கு மீறி விரைபவர் தம் இருப்பைத் தாமே கரைத்துக்கொள்கிறார்.

இந்தக் குறையை ஈடுகட்ட ஓடும்போது குளுக்கோஸை மட்டும் உட்கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் வரைதான் பயன்படும். ஃபிரக்டோஸ் (பழச் சர்க்கரை) குடலில் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டையும் கலந்து உட்கொள்பவர்கள் 90 கிராம் வரை எட்டுகிறார்கள். இதைப் போட்டி நாளன்று முதன்முறையாகச் செய்து பார்த்தால் வயிறு மறுத்துவிடும். ஆகவே நீண்ட பயிற்சி ஓட்டங்களிலேயே சிறுகச் சிறுகப் பழக்கிவிடுங்கள்.