புதுப்பிப்பு: அலுவலகத்துக்குச் சைக்கிள், எவ்வளவு வேகம்? (வியர்வைப் பிரச்சினை தீர்ந்தது)

திருவான்மியூரிலிருந்து கிண்டிக்கு சுமார் 8 கிலோமீட்டர் சைக்கிளில் போகிறேன், இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, அலுவலகத்தில் குளிக்க வசதியில்லை, மெதுவாக ஓட்டினால் சரியாகுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வேகத்தைக் குறைத்தேன். நல்ல சாலையில் 22 போய்க்கொண்டிருந்தவன் 15, 16-க்கு வந்தேன். 30 நிமிடப் பயணம் 36 ஆனது, அவ்வளவுதான். அடையாறு சிக்னலில் எப்படியும் நிற்கத்தான் வேண்டும். கால்களுக்குத்தான் பெரிய வித்தியாசம்: வேகம் இரட்டித்தால் காற்றை எதிர்க்க மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்று ஒருவர் சொன்னது மிதிக்கும்போதே புரிகிறது.

ஆனாலும் முதல் வாரம் முதுகு நனைந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தீர்த்தது, பையைத் தோளிலிருந்து எடுத்துக் கேரியரில் கட்டச் சொன்ன யோசனை. அன்றே பலன் தெரிந்தது.

எதிர்பாராத ஒன்று: வியர்வை கொட்டுவது ஓட்டும்போது அல்ல, நிறுத்திய பிறகு. எதிர்காற்று நின்றதும் இரண்டே நிமிடத்தில் நெற்றியிலிருந்து சொட்டுகிறது. அதனால் ஐஐடியைத் தாண்டியதும் மர நிழலில் லேசான கியர் போட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரை நடைவேகத்துக்குச் சற்று மேலே ஓட்டுகிறேன். அப்புறம் ஐந்து நிமிடம் மின்விசிறியடியில் நின்றுவிட்டுச் சட்டை மாற்றுகிறேன்.

மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது பழைய வேகம்தான், அது எனக்குப் பிடித்திருக்கிறது.