குவான் யூ போர்வீரர்தானே, கடையில் ஏன் செல்வக் கடவுள்?

கேள்வி: சிவந்த முகம், நீண்ட தாடி, கையில் பெரிய ஆயுதம். ஹான் வம்சம் சரிந்த காலத்துத் தளபதியைச் சீனக் கடைகளில் வைத்துக் கும்பிடுகிறார்களே, சண்டைக்காரருக்கும் கல்லாவுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: வாக்குத் தவறாதவர் என்ற பேர்தான். நம்பிக்கையில் கடன் கொடுத்த காலத்தில் வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? அவர் ஊர் ஷான்சியில் உப்பு ஏரிப் பக்கம், அந்த மாகாணத்து வியாபாரிகள் போன இடமெல்லாம் அவர் வழிபாட்டையும் கொண்டுபோனார்கள்.

பதில்: அரசர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 220இல் தோற்றுத் தலை வெட்டப்பட்டவருக்கு 1614இல் மிங் பேரரசர் வான்லி 'பேரரசர்' பட்டமே கொடுத்துவிட்டார். தலை லுவோயாங்கில், உடல் தாங்யாங்கில் என்பார்கள், இரண்டு இடத்திலும் கோயில் உண்டு.

பதில்: ஹாங்காங்கில் போலீஸாரும் கும்பிடுகிறார்கள், அவர்கள் துரத்தும் டிரையட் கும்பல்களும் கும்பிடுகின்றன. ரெண்டு பேருக்கும் வேண்டியது சகோதர விசுவாசம், அப்புறம் அவர் யார் பக்கம் என்று கேட்டால் எப்படி?