ஜூரி கொடுத்த தீர்ப்பை மேல்கோர்ட் எப்படிக் கவிழ்த்தது? (வெர்னர் லாரி வழக்கு)

ஹூஸ்டன்வாசி:
2014 டிசம்பர் 30, டெக்சாஸில் ஒடெஸா பக்கம் ஐ-20 சாலை, உறைமழை (தரையில் பட்டதும் ஐஸாகிவிடும் மழை) பெய்துகொண்டிருக்கிறது. ஒரு குடும்பம் போன பிக்கப் வழுக்கி, நடுவில் இருந்த 42 அடி அகலப் புல்வெளியைத் தாண்டி, எதிரே வந்த, வெர்னர் என்ற சரக்குக் கம்பெனியின் லாரிக்கு முன்னால் பாய்ந்தது. ஒரு சிறுவன் இறந்தான், அவன் அக்காவுக்குக் கைகால்கள் செயலிழந்துவிட்டன. 2018இல் ஜூரி (வழக்கைத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு) கிட்டத்தட்ட 9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, 2023இல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. 2025 ஜூனில் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் ஒரு டாலர்கூடக் கிடையாது என்று முடித்துவிட்டது. அப்படியென்றால் ஜூரி எதற்கு?

சட்டப்பித்தன்:
நல்ல கேள்வி. அப்பீல் என்றால் வழக்கை மறுபடி நடத்துவது இல்லை. எந்தச் சாட்சியை நம்புவது என்பது ஜூரியின் வேலை, அதில் மேல்கோர்ட் சாதாரணமாகக் கை வைக்காது. ஆனால் ஜூரி நம்பியது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி பொறுப்பு வருமா என்பது நீதிபதிகள் பார்க்கவேண்டியது. லாரி அந்த ஐஸில் மணிக்கு 50 மைல் வாக்கில் போனது தப்பு, சரி. அந்தத் தப்புதான் விபத்துக்குக் காரணமா? மெதுவாகப் போயிருந்தால் லாரி அந்த நொடியில் அந்த இடத்தில் இருந்திருக்காது என்கிறார்கள் குடும்பத் தரப்பில். இன்னும் வேகமாகப் போயிருந்தாலும்தான் இருந்திருக்காது! தன் லேனில், கட்டுப்பாடு இழக்காமல் போன வண்டி அது. பிக்கப் குறுக்கே பாய்ந்ததுதான் காரணம் என்று கோர்ட் சொன்னது. அதனால்தான் மறுவிசாரணைக்குக்கூட அனுப்பவில்லை.

லாரிக்காரன்:
எனக்கு இது ஒப்பவில்லை. ஐஸ் சாலையில் ஊர்ந்து போ, பத்திரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்து என்று டெக்சாஸ் லைசென்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது, மத்திய விதியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ஓட்டியவர் பயிற்சியில் இருந்தவர், மேற்பார்வை பார்க்கவேண்டியவர் பின்னால் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜூரி 70 சதவீதம் பொறுப்பைக் கம்பெனி மேல் போட்டது இதற்காகத்தானே? அதோடு வேகம் குறைந்திருந்தால் மோதலின் பலமும் குறைந்திருக்கும், அந்தப் பெண் ஒருவேளை நடந்துகொண்டிருப்பாள். இடம், நேரம் என்று பேசுகிறவர்கள் இதை லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சட்டப்பித்தன்:
@லாரிக்காரன் அண்ணே, பலம் பற்றிய வாதம் வலுவானதுதான், மறுக்கவில்லை. கீழே இரண்டு கோர்ட்டிலும் குடும்பம் ஜெயித்த வழக்கு இது, சும்மாவா ஜெயித்தார்கள்?

கோர்ட்வாசல்:
தோற்றவர் அப்பீல் போக நினைத்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள். டெக்சாஸில் தீர்ப்பில் கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளில் அப்பீல் நோட்டீஸ், அந்த 30 நாளுக்குள் புதிய விசாரணை கேட்டு மனுப் போட்டிருந்தால் 90 நாள். ஜூரியிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஆட்சேபம் இருந்தால் அங்கேயே, நீதிபதி அதை வாசிப்பதற்கு முன்பே சொல்லிப் பதிவு செய்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேலே போய்ப் பேசுவது ரொம்பக் கஷ்டம். பணத்தை வசூலிக்காமல் நிறுத்திவைக்க பாண்டு (பிணைத்தொகை) கட்டவேண்டும், அதற்கு உச்சவரம்பு உண்டு: நிகரச் சொத்தில் பாதி அல்லது 2 கோடியே 50 லட்சம் டாலர், எது குறைவோ அது. இதற்கிடையில் வட்டி நிற்காது. வெர்னர் வழக்கில் வட்டியோடு 10 கோடியைத் தாண்டியது, அப்பீலில் தோற்றிருந்தால் அத்தனையும் கட்டியிருக்கவேண்டும்.

ஹூஸ்டன்வாசி:
ஓ, ஆட்சேபத்தை அங்கேயே சொல்லாவிட்டால் போச்சா? அப்போது கீழ்க்கோர்ட்டில் இருக்கும்போதே அப்பீல் வக்கீலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டுமா?

கோர்ட்வாசல்:
பெரிய வழக்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஜூரி கேள்விகளைத் தயாரிக்கும் கட்டத்திலாவது ஒருவர் கூட இருப்பார்.