‘டை ஹார்ட்’ (1988): பல இனத்தவர் இருக்கிறார்கள், உரிய இடம் கிடைத்ததா?

கேள்வி – வெண்திரை

ஜான் மெக்டியர்னன் இயக்கிய ‘டை ஹார்ட்’ படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். காவலர் பவல், சொகுசுக் கார் ஓட்டும் ஆர்கைல், கொள்ளைக் கூட்டத்தின் கணினி வல்லுநர் தியோ, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் எனக் கறுப்பினப் பாத்திரங்கள் பல. அக்கூட்டம் ஊழியரைப் பிணைபிடிக்கும் நிறுவனத்தின் தலைமையில் ஜப்பானிய அமெரிக்கரான டகாகி. அங்கே உயர் பதவியில், கொள்ளையரை எதிர்க்கும் நாயகன் மெக்ளேனின் மனைவி ஹாலி. இதை அக்காலத்துக்கு முற்போக்கான படம் என்று கொள்ளலாமா, அல்லது இவர்கள் அனைவரும் வெள்ளையின நாயகனுக்குத் துணை நிற்க வந்தவர்கள்தானா?

மறுமொழி – காலச்சுவடி

டகாகியை எடுத்துக்கொள்ளுங்கள். பிணைக்கைதிகளிடையே அவரைத் தேடும் கொள்ளைக் கூட்டத் தலைவன் ஹான்ஸ் குரூபர், அவருடைய வாழ்க்கைக் குறிப்பை உரக்க ஒப்பிக்கிறான்: கியோட்டோவில் பிறப்பு, கலிபோர்னியாவில் குடியேற்றம், மன்சனார் முகாமில் அடைப்பு, பிறகு ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்கா முகாம்களில் அடைத்த வரலாறு, ஒரு கேளிக்கைப் படத்தில் போகிற போக்கில் வந்துவிடுகிறது. அதற்கு மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்தோருக்குத் தலா 20,000 டாலர் வழங்கும் சட்டத்தில் அப்போதைய அதிபர் ரீகன் கையெழுத்திட்டது, படம் வெளிவந்த மறுமாதம்தான். ஜப்பானிய முதலீட்டைக் கண்டு அமெரிக்கர் பலர் மிரண்டிருந்த நேரத்தில், ஜேம்ஸ் ஷிகெட்டா அந்தப் பாத்திரத்தை மிரட்டலுக்குப் பணியாத கண்ணியவானாக நடித்திருக்கிறார். ஆயினும் கதை சூடுபிடிக்கும் முன்பே டகாகி சுட்டுக் கொல்லப்படுகிறார். அத்தனை வரலாறும் வில்லனின் கொடூரத்தை நிறுவவே பயன்படுகிறது.

மறுமொழி – நடுநிசி

எனக்கு உறுத்துவது பவலின் கதை. இருட்டில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 13 வயதுச் சிறுவனைத் தவறுதலாகச் சுட்டுவிட்டதாகவும், அதன்பின் எவர் மீதும் துப்பாக்கியை நீட்ட இயலவில்லை என்றும் அவர் வானொலிக் கருவியில் மெக்ளேனிடம் சொல்கிறார். முடிவில் கொள்ளையருள் ஒருவனான கார்லைச் சுட்டு வீழ்த்துவதன் மூலம் அவர் ‘குணமடைகிறார்’; இசையும் அதைக் கொண்டாடுகிறது. சுடப்பட்ட சிறுவனின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. 2014இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் காவலரால் கொல்லப்பட்ட பிறகு, அந்தக் காட்சியை முன்போல் ரசிக்க முடியவில்லை. பவலைக் கறுப்பினத்தவராக வைத்ததாலேயே, இனம் பற்றிய கேள்வி எழாமல் படம் தப்பித்துக்கொள்கிறது என்பேன்.

மறுமொழி – மேற்குமாடம்

நடுநிசி அவர்களின் கருத்தை ஏற்கிறேன். ஆனால் பவல் வெறும் துணை என்பதை ஏற்க இயலாது. அவருடைய மேலதிகாரியான வெள்ளையர் ராபின்சன் ஒவ்வொன்றையும் தவறாகக் கணிக்க, முகம் பாராத மனிதனை நம்பிச் சரியாக ஊகிப்பவர் பவல் ஒருவரே. ரெஜினால்ட் வெல்ஜான்சன் இல்லையென்றால் படம் வெறும் வெடிச்சத்தம்தான். ஆர்கைலின் நிலைதான் பரிதாபம்: பெரும்பகுதி நேரம் அடித்தள வாகன நிறுத்தத்திலேயே கிடக்கிறார், இறுதியில் அவருக்குக் கிடைக்கும் சண்டையும் தியோவோடுதான்.

ஹாலியைப் பற்றி யாரும் பேசவில்லையே! டகாகி இறந்தபின் குரூபரிடமே சென்று, கர்ப்பிணி ஊழியருக்குச் சோபாவும் மற்றவர்களுக்குக் கழிப்பறை வசதியும் கேட்டு வாங்கும் தலைவி அவர். அத்தகையவர், கடைசியில் கணவன் அவரைப் பிறந்த வீட்டுப் பெயரால் ‘ஜெனரோ’ என்று அறிமுகப்படுத்தும்போது, கணவன் பெயரான ‘மெக்ளேன்’ என்று தாமே திருத்துகிறார். அவர் மனைவியாகத் திரும்பிவிட வேண்டும் என்பதில் மட்டும் திரைக்கதைக்கு ஐயமே எழவில்லை.